வேலிக்கு வெளியே ஒரு யாசீன்

ஜியாரத் என்ற அரபுச் சொல்லுக்கு அரபு நாடுகளில் பொருள் எளிது: போய்ப் பார்ப்பது, வருகை. உறவினர் வீட்டுக்குப் போவதும் ஜியாரத், மருத்துவமனையில் நோயாளியைப் பார்க்கப் போவதும் ஜியாரத். குவைத்துக்கு வரும் விசிட் விசாவின் அரபுப் பெயரிலும் அந்தச் சொல்தான் இருக்கிறது. இராமநாதபுரம் கடற்கரையில் அதே சொல்லுக்கு ஒரே ஒரு பொருள். ஒரு தர்காவுக்கோ, இறைநேசர் ஒருவர் கால்பட்டதாக நம்பும் இடத்துக்கோ போய் ஓதிவிட்டு வருவது.

எங்கள் பக்கத்து ஃபிளாட்காரர் இந்த இரண்டு பொருள்களுக்கும் நடுவே ஒரு வசதியைக் கண்டுபிடித்தார். தன் மனைவியின் பெரியம்மாவுக்குப் போன் செய்து, "மாமி, உங்களுக்கு ஜியாரத் விசாவே எடுத்திருக்கேன்" என்றார். அந்த அம்மாள் நம்பினார். தான் போக ஆசைப்பட்ட இடத்துக்குப் போய் ஓதிவர அந்த நாட்டு அரசாங்கமே அனுமதி தந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு விமானம் ஏறினார். இங்கே அவருக்காகக் காத்திருந்தது பிரசவமான தங்கை மகள், ஒரு கைக்குழந்தை, பள்ளிக்குப் போகும் இன்னொரு குழந்தை, ஒரு சமையலறை.

நாங்கள் இருப்பது சால்மியாவில், பெரும்பாலும் இந்தியர்கள் குடியிருக்கும் ஒரு கட்டடம். பக்கத்து ஃபிளாட்காரர் முர்காபில் செல்போன் உதிரிப்பொருள் கடை வைத்திருப்பவர். பார்த்தால் சலாம் சொல்வார், லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொள்வார், நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்புவார். கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நான் ஒரு தமிழ் நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்துவிட்டு, கணவரின் வேலைக்காக இங்கே வந்து, வீட்டிலிருந்தபடி பாடநூல்களுக்குப் பிழை திருத்துகிறவள். பகலெல்லாம் வீட்டில் இருப்பதால் அந்த அம்மாளின் பகல்கள் எப்படிப் போயின என்பது சுவர் வழியாகவே எனக்குத் தெரியும். விடிவதற்கு முன் குக்கர் விசில், பிறகு வாஷிங் மெஷின், குழந்தையின் அழுகை, மறுபடி குக்கர். தங்கை மகளின் குரல் இடையிடையே வரும்: "பெரியும்மா, பாட்டில் கழுவியாச்சா? பெரியும்மா, புள்ள நனைச்சிட்டான்."

முதலில் பேசியது லிஃப்டுக்குள். குப்பைப் பையுடன் ஏறி, எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியாமல் நின்றிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். வெள்ளைத் துப்பட்டி. கை முழுக்கச் சோப்பு வெடிப்பு. நான் தமிழில் பேசியதும் முகம் மலர்ந்துவிட்டது.

"புள்ள, ஒங்க குவைத்து ரொம்ப பரக்கத்தான ஊரு" என்றார்.

"அப்படியாக்கா?"

"ஆமா. எங்க போனாலும் நபி பேரத்தான் சொல்றாஹ. டாக்ஸில ஏறுனா 'கிதர்'ங்கிறான். பக்காலா கடையில 'கிதர்'ங்கிறான். இங்கன ஹிளுறு நபிய கிதர்னுதான் சொல்வாஹளாம், மருமகன் சொன்னாஹ."

மருமகன் சொன்னதில் தவறில்லை. தமிழ் முஸ்லிம்கள் ஹிளுறு என்று சொல்லும் பெயரை இங்கே அரபியில் ஏறக்குறைய கிதர் என்றுதான் உச்சரிக்கிறார்கள். ஆனால் டாக்ஸிக்காரர் பேசியது இந்தி. எங்கே போக வேண்டும் என்று கேட்டிருக்கிறார். நான் அதைச் சொன்னேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு குப்பைப் பையைக் கீழே வைத்துவிட்டு, இருமல் வரும்வரை சிரித்தார்.

"அட நாசமத்தவனே! நான் அவன் கேக்கக் கேக்க 'அலைஹிஸ்ஸலாம், அலைஹிஸ்ஸலாம்'னு பதில் சொல்லிக்கிட்டுல்ல இருந்தேன்!"

நபிமார் பெயரைக் கேட்டால் சொல்லும் வாழ்த்து அது. லிஃப்ட் கீழே போய்ச் சேர்ந்து, கதவு திறந்து, மூடி, மறுபடி மேலே வந்தது. அதற்குள் அவர் தன் காரியத்தைச் சொல்லிவிட்டார்.

அவருக்கு ஒரே மகன். விசைப்படகில் மீன்பிடிக்கப் போகிறவன். மழைக்காலத்தில் படகு கவிழ்ந்து, ஒரு பிளாஸ்டிக் கேனைக் கட்டிப்பிடித்தபடி கடலில் கிடந்து, வேறு படகுக்காரர்கள் கண்ணில் பட்டுக் கரை சேர்ந்தான். அவனைப் பற்றித் தகவல் எதுவும் வராத நேரத்தில் இவர் கடற்கரையில் நின்று ஒரு நேர்ச்சை செய்திருக்கிறார். கடலில் தவிப்பவர்களுக்கு ஹிளுறு நபி உதவிக்கு வருவார் என்பது அந்தக் கரையில் உள்ளவர்களின் நம்பிக்கை. "எம் புள்ள ஹயாத்தா வந்தா, நீங்க கால் வச்ச எடத்துக்கே வந்து யாசீன் ஓதுறேன்" என்பது நேர்ச்சை. யாசீன் குர்ஆனின் ஓர் அத்தியாயம். அந்த இடம் குவைத்துக்கு எதிரே ஒரு தீவில் இருக்கிறது என்பது அவருடைய வாப்பா சொல்லித் தெரியும். வாப்பா மரக்கலத்தில் இந்தப் பக்கம் வந்து போனவர். கடலோடிகளும் பிள்ளை வரம் கேட்கும் பெண்களும் படகு பிடித்து அங்கே போவதைப் பார்த்திருக்கிறார்.

மகன் உயிரோடு வந்தான். ஆனால் நேர்ச்சை முடியாமல் அவன் கடலில் கால் வைக்கக் கூடாது என்று உம்மா சொல்லிவிட்டார். அவனும் மீறவில்லை. வலை பின்னும் இடத்தில் உட்கார்ந்திருந்தான். படகு முதலாளிதான் பொறுமை இழந்துகொண்டிருந்தார். தை பிறந்ததும் வேறு ஆளை ஏற்றிக்கொள்வேன் என்று சொல்லியனுப்பியிருந்தார். அந்தக் கரையில் ஒரு படகிலிருந்து இடம் போனால் அடுத்த படகில் இடம் கிடைப்பது சுலபமில்லை. நேர்ச்சையைப் பாதியில் விட்டவன் என்ற பேச்சும் சேர்ந்துகொண்டால் எந்த முதலாளி ஏற்றுவார்?

"அதான் மருமகன் போன் பண்ணுனதும் ஓடி வந்துட்டேன். வாற ஜும்ஆவுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்காஹ."

வருகிற ஜும்ஆ, அதாவது வெள்ளிக்கிழமை, வந்தது. காற்று அதிகம் என்றார் மருமகன். அடுத்த வெள்ளி கடையில் சரக்கு இறங்கியது. அடுத்த வெள்ளி படகில் டிக்கெட் இல்லை. அதற்கடுத்த வெள்ளி பெரிய குழந்தைக்கு ஜலதோஷம். ஒவ்வொரு வெள்ளியும் காலையில் அந்த அம்மாள் குளித்து, வெளுத்த துப்பட்டி போட்டுக்கொண்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த சீனிப் பொட்டலத்தைப் பையில் வைத்துக்கொண்டு தயாராக இருப்பார். ஓதி முடித்ததும் அங்கிருப்பவர்களுக்கு நார்சாவாகப் பகிர்ந்து கொடுக்க வேண்டிய சீனி. காரணம் சொல்லப்பட்டதும் பையை அலமாரியில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போவார்.

குழந்தைக்கு நாற்பதாம் நாள் விருந்து வைத்தார்கள். எங்களையும் அழைத்திருந்தார்கள். கடைக்காரருடைய நண்பர்கள் ஹாலில் சுப்ராவை, சாப்பாட்டு விரிப்பை, சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் உள்ளறையில். நான் கதவோரம் இருந்ததால் இரண்டு பக்கமும் கேட்டது.

"பங்களாதேஷ் டிரைவரு 'கிதர்'ங்கிறான். எங்க மாமி 'அலைஹிஸ்ஸலாம்'ங்கிறாஹ" என்று கடைக்காரர் கதையை விரித்துக்கொண்டிருந்தார். "அவன் திரும்பவும் 'அரே, கிதர்?'ங்கிறான். மாமி கண்ண மூடிக்கிட்டு 'அலைஹிஸ்ஸலாம்!' குவைத்தே உக்காந்து திக்ரு செய்யுதுன்னு நெனச்சிட்டாஹ!"

சிரிப்பு அடங்க நேரமானது. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாமி எதுக்கு பாய் வந்திருக்காஹ?" என்று கேட்டார்.

"ஜியாரத்துக்குத்தான்! விசாவுலயே அச்சடிச்சிருக்கான், பாக்குறியா?"

மறுபடி சிரிப்பு. அப்போது அந்த அம்மாள் பிரியாணித் தட்டுடன் ஹாலுக்கும் உள்ளறைக்கும் நடுவே நின்றிருந்தார். கிதர் கதைக்கு லேசாகச் சிரித்தார். அது அவருடைய கதைதான், லிஃப்டில் அவரே சிரித்த கதை. விசா பேச்சுக்குச் சிரிக்கவில்லை. தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

சாப்பிட்டுக் கிளம்பும்போது கடைக்காரரை வராந்தாவில் நிறுத்திக் கேட்டேன்.

"எப்பதான் கூட்டிட்டுப் போறீங்க? ஞாயிற்றுக்கிழமை அவங்களுக்கு ஃபிளைட்டாமே."

"எங்க மேடம்?"

"தீவுக்கு."

அவர் சிரித்தார். "அங்கன ஒண்ணுமில்ல மேடம். கட்டடத்த இடிச்சு எவ்வளவோ வருஷமாச்சு. வெறும் மண்ணு."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"குவைத்துல இருக்க எல்லாருக்கும் தெரியும்."

"பின்னே ஏன் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னீங்க?"

"சொல்லலேன்னா வருவாஹளா?" அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அது போக, நான் அந்த தர்கா வகையறாவெல்லாம் நம்புறதில்ல. மார்க்கத்துல இல்லாத வேலை. போகாம இருக்கதே அவங்களுக்கு நல்லதுதான்."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. தர்காவுக்குப் போவது தவறு என்று உண்மையாகவே நினைக்கும் முஸ்லிம்களை எனக்குத் தெரியும். அவர்கள் அதை முகத்துக்கு நேரே சொல்வார்கள், சண்டை போடுவார்கள், சொந்த அண்ணன் தம்பியோடு பேசாமல் இருப்பார்கள். தான் தவறென்று நினைக்கும் ஒன்றைத் தூண்டிலில் மாட்டி, ஒரு பெண்ணைக் கடல் தாண்டி இழுத்து, குளிப்பாட்டல், சமையல், துணி துவைப்பு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டபின், கொடுக்க வேண்டிய நேரத்தில் மார்க்கத்தைப் பேசுவது கொள்கை ஆகாது. வேலைக்கு ஆள் வைத்திருந்தால் இவர் சம்பளம் கொடுத்திருக்க வேண்டும். பெரியம்மாவுக்கு ஒரு தீவைக் காட்டினால் போதும். காட்டக்கூட வேண்டாம், சொன்னால் போதும்.

மறுநாள் அந்த அம்மாள் கறிவேப்பிலை கேட்டு வந்தபோது நான் எல்லாவற்றையும் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. அங்கே கட்டடம் இல்லை, இடித்துவிட்டார்கள், வேலி போட்டிருக்கலாம், உங்கள் மருமகனுக்கு இது முதலிலிருந்தே தெரியும்.

அவர் கறிவேப்பிலையை உருவிக்கொண்டே கேட்டார். உருவி முடித்தபின் பேசினார்.

"எடம் இருக்குல்ல?"

"இடம் இருக்குக்கா. மேடு மாதிரி இருக்கும்னு படிச்சிருக்கேன்."

"நான் கட்டடத்துக்கு நேர்ச்ச வைக்கல புள்ள. கால் வச்ச எடத்துக்குத்தான் வச்சேன். நீ கூட்டிட்டுப் போவியா?"

வெள்ளிக்கிழமை காலை அவர் வீட்டிலிருந்து கிளம்பிய விதத்தை நான் என் வாசலில் நின்று பார்த்தேன். தங்கை மகள் குறுக்கே நின்று, "இன்னைக்கி எப்படி பெரியும்மா? புள்ளைய யாரு பாப்பா? குளிப்பாட்டக்கூட இல்ல" என்றாள். இவர் குழந்தையை அவள் கையில் கொடுத்தார். "ஒம் புள்ளைய நீ பாரு. எம் புள்ளைக்கி நான் போயிட்டு வாறேன்" என்றார். கடைக்காரர் உள்ளே இருந்தார். வெளியே வரவில்லை.

தீவுக்குப் போகும் படகில் குளிர்பெட்டிகள், மடக்கு நாற்காலிகள், பாட்டுப்பெட்டி. வெள்ளி விடுமுறையைக் கழிக்க வந்த கூட்டம். தீவில் ஒரு காலத்தில் மக்கள் குடியிருந்தார்கள். ஈராக் படையெடுப்பின்போது வெளியேற்றப்பட்டவர்களில் பெரும்பாலோர் திரும்பி வரவில்லை. குண்டு துளைத்த சுவர்களுக்கு முன்னால் இப்போது சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஒட்டகச் சவாரி இருக்கிறது. உணவகம் இருக்கிறது. பயணச்சீட்டோடு ஒரு வழிகாட்டியும் சேர்த்தி என்பதால் நாங்களும் அந்தக் கூட்டத்தோடு முதலில் கிரேக்கக் கோயிலுக்குப் போக வேண்டியிருந்தது.

கோயில் என்று சொன்னாலும் அடித்தளக் கற்களும் சில தூண் துண்டுகளும்தான். ஆனால் அதற்கு நடைபாதை போட்டிருந்தார்கள். இரண்டு மொழிகளில் பலகை வைத்திருந்தார்கள். கற்களைத் தொடக்கூடாது என்று படம் போட்டு எழுதியிருந்தார்கள். வழிகாட்டி நல்ல ஆங்கிலம் பேசினார். தொலைதூரத்திலிருந்து கடலில் வந்த மாலுமிகள் இந்தப் பீடத்தின் முன்னால் நின்று, பத்திரமாகக் கரை சேர்ந்ததற்கு நன்றியாகக் காணிக்கை செலுத்தினார்கள் என்றார். எவ்வளவு அழகான நம்பிக்கை என்றார். கூட்டத்தில் தொப்பி போட்டிருந்த ஒருவர் தொப்பியைக் கழற்றினார்.

"என்ன சொல்றாரு?" என்று அந்த அம்மாள் கேட்டார். மொழிபெயர்த்தேன்.

"அதத்தானே நானும் செய்ய வந்திருக்கேன்" என்றார் அவர், சாதாரணமாக.

நான் வழிகாட்டியிடம் போய், ஹிளுறு நபியின் இடம் எந்தப் பக்கம் என்று கேட்டேன். அவர் முகத்தில் இருந்த அழகான நம்பிக்கை அணைந்தது. அது நம் சுற்றில் இல்லை என்றார். ஏன் என்றேன். அங்கே பார்ப்பதற்கு எதுவும் இல்லை என்றார். அந்தக் காலத்தில் படிப்பறிவில்லாத பெண்கள் போவார்கள், எண்ணெய் ஊற்றுவார்கள், துணி கட்டுவார்கள், மூடநம்பிக்கை, இப்போது இல்லை என்றார். இவ்வளவையும் அவர் கிரேக்கப் பீடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னார். காணிக்கை செலுத்தியவன் செத்து இரண்டாயிரம் வருடம் ஆகியிருந்தால் அது பாரம்பரியம், நடைபாதை போடலாம். உயிரோடு சீனிப் பொட்டலத்துடன் பக்கத்தில் நின்றால் அது மூடநம்பிக்கை, சுற்றில் சேர்க்கக் கூடாது. நான் இதை அவரிடம் சொன்னேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ஒட்டகப் பண்ணைக்குத் தீவனம் கொண்டுபோகும் பிக்கப் ஒன்று பாதையில் நின்றிருந்தது. ஓட்டுநர் பாகிஸ்தான்காரர். என் இந்தியைக் கேட்டுவிட்டு, அங்கே மாஃபி, ஒன்றும் கிடையாது என்று கையை விரித்தார். பிறகு அந்த அம்மாளின் பையை எட்டிப் பார்த்து, "இது என்ன, சீனியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "என் ஊரிலும் அம்மா இப்படித்தான்" என்று சொல்லி, முன்சீட்டில் இருந்த கயிறுகளை எடுத்துப் பின்னால் போட்டார். "யல்லா, ஏறுங்கள். திரும்பக் கொண்டுவந்து விடுகிறேன். படகைத் தவறவிட்டால் என்னைத் திட்டக் கூடாது."

தீவின் ஓரத்தில், கடலை ஒட்டி, தாழ்வான மேடு ஒன்று. சுற்றிலும் கம்பிவேலி. உள்ளே தொல்லியல் குழிகள், மேலே தார்ப்பாய் மூடி, மணல் மூட்டைகள் வைத்திருந்தார்கள். வெண்கலக் காலக் குடியிருப்பு என்று பலகை சொன்னது. அதே மேட்டுக்கு, நினைவுக்கு எட்டிய தலைமுறைகள் எல்லாம் எதற்காகப் படகேறி வந்தார்கள் என்பது பற்றிப் பலகையில் ஒரு வரி இல்லை. ஒரு சிறு கட்டடம் இருந்தது, இடித்தார்கள், மக்கள் மறுபடி கட்டினார்கள், மறுபடி இடித்தார்கள் என்று நான் படித்திருக்கிறேன். செய்தியில் எதை எழுதுகிறார்கள் என்பதைவிட எதை விடுகிறார்கள் என்று பார்ப்பது எனக்குப் பழக்கம். இங்கே விட்டது தெரியாமல் விட்டதல்ல.

வேலிக்கு அருகே ஒரு காவலர் கூண்டு. காவலர் வெளியே வந்தார். என் அரபி கடைக்குப் போய்வரும் அளவுதான். உள்ளே போக வேண்டாம், வெளியே நின்று ஒரு துஆ மட்டும் என்று கேட்டேன். அவர் கையை ஆட்டினார். மம்னூ என்றார், தடை. உள்ளேயும் தடை, வெளியேயும் தடை. ஏன் என்றேன். மேலிடத்து உத்தரவு என்றார். இங்கே யாராவது கையேந்தினால் நாளைக்குப் பத்துப் பேர் வருவார்கள் என்றார். வந்தால் என்ன என்று கேட்க எனக்கு அரபி போதவில்லை. தமிழில் கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன்.

அவர் என்னைச் சமாதானப்படுத்த நினைத்தார். என் கையிலிருந்த செல்போனைப் பார்த்துக்கொண்டே, எல்லாருக்கும் புரிகிற கல்ஃப் பாஷையில் சொன்னார்:

"சூரா ஓகே. துஆ மாஃபி."

படம் எடுத்துக்கொள், பிரார்த்தனை கூடாது. அரபியில் படத்துக்கு சூரா என்று பெயர். குர்ஆனின் அத்தியாயத்துக்கும் சூரா. இரண்டும் வேறு வேறு எழுத்தில் தொடங்கும் வேறு வேறு சொற்கள், அரபுக்காரரின் காதுக்கு வித்தியாசம் தெரியும். தமிழ் நாக்குக்கும் காதுக்கும் இரண்டும் ஒன்றே.

எனக்குப் பின்னால் மேட்டைப் பார்த்தபடி நின்ற அந்த அம்மாள் திரும்பினார்.

"என்ன புள்ள சொல்றாஹ? சூரா ஓதலாமாமா?"

நான் வாயைத் திறந்தேன்.

"துஆதான் கேக்கக் கூடாதாம்ல? பரவால்ல" என்றார். "நான் துஆ கேக்குறேன்னு எங்க சொன்னேன்? யாசீன் ஓதுறேன்னுதானே நேர்ச்ச. யாசீன் சூராதானே." காவலரைப் பார்த்து நெஞ்சில் கைவைத்து, "ஜஸாக்கல்லாஹ் வாப்பா" என்றார். காவலர் தலையசைத்தார்.

சொல்லைத் திருத்துவது என் பிழைப்பு. அன்று நான் எதையும் திருத்தவில்லை.

அவர் வேலிக்குப் பக்கத்தில் போய் நின்றார். கையை ஏந்தவில்லை. துஆ கூடாது என்று சொன்னார்கள் அல்லவா, அதற்கு ஒப்புக்கொண்டவர் போல இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டார். உதடு அசையத் தொடங்கியது. நான் செல்போனை உயர்த்தி மேட்டைப் படம் எடுத்தேன். கடலைப் படம் எடுத்தேன். தார்ப்பாயை, பலகையை, மணல் மூட்டையை எடுத்தேன். கவிழ்ந்த படகிலிருந்து பிள்ளை திரும்பி வந்ததற்காக ஒரு தாய் நன்றி சொல்வதை மறைக்க, ஒரு மணல் மூட்டையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

யாசீன் நீளமான சூரா. காவலர் பொறுமையிழந்தார். "இவ்வளவு சூராவா?" என்று கேட்டார்.

"வீடியோ" என்றேன்.

அவர் எங்களை நோக்கி வந்தார். காற்று எங்கள் பக்கமிருந்து அவர் பக்கம் வீசியது. பாதி வழியில் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். நின்றார். அந்த அம்மாளின் உச்சரிப்பு தமிழ் உச்சரிப்பு, ஆனாலும் அது எந்த வசனம் என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. சிறிது நேரம் காலணியைப் பார்த்தார். பிறகு திரும்பிப் போய்க் கூண்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

இதைச் சொன்னபோது என் கணவர், "பாவம், நல்ல மனுஷன்" என்றார். இருக்கலாம். நான் நன்றியோடு நினைக்க மறுக்கிறேன். ஒரு சூரா ஓதுவதைக் காணாததுபோல் இருக்க ஒருவர் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது என்றால், அந்த நல்ல குணத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

ஓதி முடித்ததும் அவர் கம்பியிலிருந்து கையை எடுத்தார். உள்ளங்கையில் கோடு விழுந்திருந்தது. சீனிப் பொட்டலத்தைப் பிரித்து எனக்கு ஒரு கை கொடுத்தார். ஓட்டுநருக்குக் கொடுத்தார், அவர் அப்படியே வாயில் போட்டுக்கொண்டார். பிறகு நான் தடுப்பதற்குள் கூண்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார். கதவு கொஞ்சமாகத் திறந்தது. ஒரு கை வெளியே நீண்டது. சீனியை வாங்கிக்கொண்டு உள்ளே போனது.

"ஏன்க்கா அவருக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

"நார்சாவுல ஆளு பாத்துக் கொடுப்பாஹளா? நீ எதுக்கு இப்படி மூஞ்சத் தூக்கி வச்சிருக்க? எல்லாம் முடிஞ்சுபோச்சே."

திரும்பும் படகில் பாட்டு இன்னும் சத்தமாக இருந்தது. கரை தெரிய ஆரம்பித்ததும் என் போனுக்கு சிக்னல் வந்தது. அவருடைய மகனை அழைத்துக் கொடுத்தேன். சத்தத்தில் கேட்காது என்பதால் ஸ்பீக்கரில் போட்டு, இருவரும் தலையைக் குனிந்து காதைக் கொடுத்தோம்.

"உம்மா, முடிஞ்சுச்சா?"

"முடிஞ்சுச்சு வாப்பா. ஓதிட்டேன். மொதலாளிட்ட போயிச் சொல்லு. நாளைக்கே கெளம்பு."

"தர்கா எப்படி இருந்துச்சு உம்மா? பெருசா?" என்றான்.

"தர்கா இல்லடா. இடிச்சுட்டாஹ. மேடுதான். வேலி போட்டிருக்கு. வெளிய நின்னுதான் ஓதுனேன்."

"உள்ள விடலயா? யாரு விடல?"

அவர் என்னைப் பார்த்தார். என்னிடம் பதில் இருந்தது, ஒரு முழுப் பக்கத்துக்கு இருந்தது. சொல்லட்டுமா என்று கையை நீட்டினேன். அவர் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"யாரு யாருன்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள கரை வந்துரும்" என்றார் மகனிடம். "நீ போட்டுக்குப் போ."